தள்ளாடும் விமான நிறுவனத்தில் வெளிநாட்டு டிக்கெட்: உங்கள் பணம் யார் கையில் இருக்கிறது?

ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி, குத்தகை விமானங்களைக் கேட்டு வழக்கு, எரிபொருளுக்கு ரொக்கம் கேட்கும் எண்ணெய் நிறுவனங்கள். ஒரு விமான நிறுவனத்தைப் பற்றி இப்படிச் செய்திகள் வரும் நாட்களில்தான் அதன் டிக்கெட் விலையும் மற்ற நிறுவனங்களைவிடப் பல ஆயிரம் ரூபாய் குறைவாகத் தெரியும். வாங்கலாமா, வேண்டாமா என்ற குழப்பம் அங்கே தொடங்குகிறது.

அந்த நிறுவனம் மூடப்படுமா என்று ஊகிப்பதால் பெரிய பயன் இல்லை. 2014 டிசம்பர் 17 அன்று எண்ணெய் நிறுவனங்கள் எரிபொருள் தர மறுத்ததால் ஸ்பைஸ்ஜெட் விமானங்கள் பல மணி நேரம் தரையில் நின்றன. அதோடு கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் பலர். நிறுவனம் பிழைத்துக்கொண்டது. ஜெட் ஏர்வேஸிலோ அபுதாபியின் எதிஹாட் விமான நிறுவனம் 24 சதவீதப் பங்கு வைத்திருந்தது, பெரிய வங்கிகள் கடன் கொடுத்திருந்தன. அது பிழைக்கவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கே தெரியாத முடிவு பயணிக்கு எப்படித் தெரியும்? பயணியால் பதில் காணக்கூடிய கேள்விகள் வேறு: பணம் எவ்வளவு நாள் அவர்களிடம் இருக்கும்? சேவை நின்றால் அதை யாரிடம் திரும்பக் கேட்பது? வெளிநாட்டில் இருக்கும்போது நின்றால் யார் ஏற்றிக்கொண்டு வருவார்கள்?

டிக்கெட் என்பது வட்டியில்லாக் கடன்

ஜனவரியில் ஜூன் மாதப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தால், ஐந்து மாதம் கழித்துக் கிடைக்கப்போகும் சேவைக்கு இன்றே பணம் கொடுக்கிறீர்கள். நிறுவனத்தின் கணக்கில் அது வருமானம் அல்ல, பொறுப்பு. ஆனால் அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் பூட்டி வைக்க வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நேற்று விற்ற டிக்கெட்டின் பணத்தில் இன்றைய விமானத்துக்கு எரிபொருள் போடுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள நிறுவனங்களும் இதையேதான் செய்கின்றன. அவற்றுக்கு வேறு பணமும் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். தள்ளாடும் நிறுவனத்துக்கு வேறு எதுவும் இல்லை. ரொக்கம் வேண்டும் என்பதற்காகவே விலையைக் குறைக்கிறது. ஆக, அந்தத் தள்ளுபடி சலுகை அல்ல, ஆபத்துக்குக் கிடைக்கும் கூலி. அந்தக் கூலி போதுமா என்பதுதான் கணக்கு.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு இடைத்தரகர் உண்டு. நீங்கள் கார்டில் பணம் கட்டும்போது, விமான நிறுவனத்தின் சார்பில் அந்தப் பணத்தை வசூலித்துக் கொடுப்பது ஒரு வங்கி அல்லது பேமென்ட் நிறுவனம். பயணம் நடக்காமல் போய் பயணிகள் பணத்தைத் திரும்பக் கேட்டால், விமான நிறுவனம் தராத தொகையை இந்த வசூல் வங்கிதான் ஏற்க வேண்டும். ஆகவே கெட்ட செய்தி வந்தவுடன் அது உஷாராகிறது. டிக்கெட் பணத்தில் ஒரு பகுதியை, சில சமயம் முழுவதையுமே, விமானம் பறந்து முடியும்வரை தன்னிடமே நிறுத்திவைக்கிறது. அமெரிக்காவின் ஃபிரான்டியர் ஏர்லைன்ஸ் 2008 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனதற்கு உடனடிக் காரணமே இதுதான்: கார்டுப் பணத்தைக் கையாண்ட நிறுவனம் கூடுதலாகப் பிடித்துவைக்கப் போவதாகச் சொல்லிவிட்டது. பயணியைக் காக்கும் ஏற்பாடே விமான நிறுவனத்தின் கழுத்தை இறுக்குகிறது. அதற்காகப் பயணி வருத்தப்பட வேண்டியதில்லை.

நிற்பது எப்படி நடக்கிறது: ஜெட் ஏர்வேஸ், 2019

விமான நிறுவனம் ஒரே நாளில் விழுவதில்லை. ஜெட் ஏர்வேஸ் விழுந்த வரிசையைப் பார்த்தால், பன்னாட்டுப் பயணி எங்கே மாட்டிக்கொள்கிறார் என்பது புரியும்.

1. 2019 தொடக்கத்தில், வங்கிகளுக்கு டிசம்பர் இறுதியில் கட்ட வேண்டிய தவணையைக் கட்டவில்லை என்பது வெளியே வந்தது.
2. அடுத்த வாரங்களில் வாடகை கிடைக்காத குத்தகை நிறுவனங்கள் விமானங்களைத் தரையிறக்கின. தினமும் புதிய ரத்துகள்.
3. மார்ச் 25: நிறுவனர் நரேஷ் கோயல் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார். வங்கிகள் 1,500 கோடி ரூபாய் வரை தருவதாகப் பேச்சு.
4. ஏப்ரல் 10: ஆம்ஸ்டர்டாமில் ஜெட்டின் போயிங் 777 ஒன்றைப் பாக்கிக்காக ஒரு சரக்குச் சேவை நிறுவனம் பிடித்துவைத்தது. மும்பைக்குப் புறப்பட வேண்டிய விமானம் அது.
5. அடுத்த ஓரிரு நாளில் பன்னாட்டுச் சேவை முழுவதும் நிறுத்தம்.
6. ஏப்ரல் 17 இரவு: அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசி விமானம். அவசரத்துக்குக் கேட்ட 400 கோடியை வங்கிகள் தரவில்லை.
7. ஜூன் 20: தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்றது.
8. 2024 நவம்பர் 7: சொத்துகளை விற்றுக் கலைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவு.

நான்காவது, ஐந்தாவது புள்ளிகளைக் கவனியுங்கள். உள்நாட்டுச் சேவைக்கு முன்பே பன்னாட்டுச் சேவை நின்றது. இது தற்செயல் அல்ல. வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கும் ஒவ்வொரு விமானமும் அங்குள்ள கடன்காரர்கள் கைவைக்கக்கூடிய சொத்து. கட்டணம், சரக்குக் கையாளல், உணவு என்று எதில் பாக்கி இருந்தாலும் அந்த ஊர் நீதிமன்றம் மூலம் பிடித்துவைக்கலாம். இன்னொரு காரணம் விதி சார்ந்தது. இந்திய நிறுவனம் வெளிநாட்டுக்குப் பறக்க, 2016 கொள்கைப்படி, 20 விமானங்களையோ மொத்தத் திறனில் 20 சதவீதத்தையோ, இரண்டில் எது அதிகமோ அதை, உள்நாட்டில் இயக்க வேண்டும். 120 விமானங்களுக்கு மேல் வைத்திருந்த ஜெட்டிடம் அந்த ஏப்ரலில் பறக்கும் நிலையில் இருந்தவை 20க்கும் கீழே இறங்கிவிட்டன.

முதல் புள்ளிக்கும் கடைசி விமானத்துக்கும் இடையே மூன்றரை மாதம். அந்தக் காலம் முழுவதும் செய்திகள் பகிரங்கமாக வந்துகொண்டிருந்தன, டிக்கெட்டும் விற்றுக்கொண்டிருந்தது. விற்பனை திறந்திருக்கிறது என்பது நம்பிக்கைக்கு ஆதாரமே அல்ல.

திவால் மனு எல்லாம் ஒரே மாதிரி அல்ல

"திவால் மனு தாக்கல்" என்ற தலைப்பைப் பார்த்தவுடன் பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். எந்த நாட்டில், எந்தச் சட்டத்தின் கீழ் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் அத்தியாயம் 11 முறையில் நிறுவனம் பறந்துகொண்டே கடனை மறுசீரமைக்கலாம். யுனைடெட் 2002லும், டெல்டா 2005லும், அமெரிக்கன் 2011லும் இந்த வழியில் போய் மீண்டன. விற்ற டிக்கெட்டுகள் செல்லும் என்று முதல் நாளிலேயே நீதிமன்ற அனுமதி வாங்கிவிடுவது அங்கே வழக்கம். அமெரிக்க நிறுவனமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை: தென் அமெரிக்காவின் லாட்டம், ஏவியான்கா, ஸ்காண்டிநேவியாவின் எஸ்ஏஎஸ் மூன்றும் இதே சட்டத்தைப் பயன்படுத்தின. தாய் ஏர்வேஸ் 2020இல் தாய்லாந்து நீதிமன்றத்தின் கீழ் மறுசீரமைப்புக்குப் போய் 2025இல் வெளியே வந்தது.

ஒழுங்காக மூடுவதும் உண்டு. ஏர் இத்தாலி 2020 பிப்ரவரியில் கலைப்பை அறிவித்தபோது, அந்த மாதம் 25ஆம் தேதி வரையிலான பயணங்களை வேறு நிறுவனங்கள் மூலம் நடத்தி, மற்றவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய்தது. அலிட்டாலியா 2021 அக்டோபரில் நின்றபோது, அதற்குப் பிந்தைய தேதி டிக்கெட்டுகளுக்காக இத்தாலிய அரசு தனி நிதி ஒதுக்கியது. ஐஸ்லாந்தின் வாவ் ஏர் 2019 மார்ச் 28 காலையில் நின்ற விதம் இதற்கு நேர் எதிர்: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பயணிகள் விமான நிலையத்தில் இருக்கும்போதே எல்லாம் ரத்து.

இந்திய நிலை வேறு. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் மனு ஏற்கப்பட்டவுடன் 14ஆம் பிரிவின் கீழ் தடைக்காலம் தொடங்கும். பழைய கடனை யாரும் வசூலிக்க முடியாது. பயணிக்கு வர வேண்டிய ரீஃபண்டும் பழைய கடன்தான். மனுவுக்கு முந்தைய வாரம் விமானம் ரத்தாகி, "7 நாளில் பணம் வரும்" என்று மின்னஞ்சல் வந்திருந்தாலும், அந்தப் பணம் அப்படியே உறைந்துவிடும். 2023 மே 2 அன்று கோ ஃபர்ஸ்ட் தானாகவே மனு போட்டு, மறுநாளிலிருந்து பறப்பதை நிறுத்தியது. பிறகு ஒரு வணிக விமானம்கூட ஏறவில்லை. 2025 ஜனவரியில் கலைப்பு உத்தரவு வந்தது.

கோ ஃபர்ஸ்ட் விவகாரத்தில் குத்தகை விமானங்களும் தடைக்காலத்தில் சிக்கிக்கொண்டன. உரிமையாளர்களால் எடுத்துப்போக முடியவில்லை. குத்தகை விமானங்களை உரிமையாளர்கள் திரும்ப எடுக்கும் உரிமையைக் காக்கும் கேப்டவுன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு இப்படிச் செய்யலாமா என்று உலகக் குத்தகைச் சந்தையே கேட்டது. 2023 அக்டோபர் 3 அன்று மத்திய அரசு விமானங்களுக்கும் இன்ஜின்களுக்கும் அந்தத் தடையிலிருந்து விலக்கு அளித்தது. 2025இல் தனிச் சட்டமும் வந்தது. குத்தகைக்காரர்களுக்கு நல்ல செய்தி. பயணிக்கு இதன் பொருள் என்ன? இனி ஒரு இந்திய நிறுவனம் திவால் மனுவுக்குப் போனால், குத்தகை விமானங்கள் சீக்கிரம் கையை விட்டுப் போகும். பறந்துகொண்டே மீள்வது இன்னும் கடினம். இந்திய நிறுவனம் ஒன்றின் மனு ஏற்கப்பட்டால், எதிர்காலத் தேதி டிக்கெட் செல்லாது என்றே திட்டமிடுவதுதான் பாதுகாப்பு.

கலைப்பில் பணம் பிரியும் வரிசை 53ஆம் பிரிவில் இருக்கிறது. முதலில் நடைமுறைச் செலவு. அடுத்து, சம தரத்தில், ஈடு வைத்திருக்கும் கடன்காரர்களும் தொழிலாளர்களின் 24 மாத பாக்கியும். பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி, ஈடில்லாத நிதிக் கடன், அரசு பாக்கி. அதற்கும் பிறகு "மீதமுள்ள கடன்கள்" என்ற தட்டில்தான் பயணி. சொந்த விமானம் அதிகம் இல்லாத, எல்லாமே குத்தகையில் ஓடும் நிறுவனத்தில் அந்தத் தட்டுக்கு என்ன வந்து சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

அரசு நிறுவனமானால்?

அரசு பின்னால் நிற்கும் நிறுவனங்களின் ஆபத்து வேறு வகை. சென்னை, திருச்சி, மதுரைப் பயணிகள் கொழும்பு வழியாகப் போகப் பயன்படுத்தும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் இதற்கு அருகிலுள்ள உதாரணம். 1998 முதல் 2008 வரை எமிரேட்ஸ் நிர்வாகத்தில் இருந்து, பிறகு முழுக்க அரசின் கைக்கு வந்து, நட்டத்திலும் கடனிலும் ஓடிவருகிறது. அது விற்ற 17.5 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு அரசே உத்தரவாதம். நாடே கடன் நெருக்கடியில் விழுந்த பின்னும் விமானங்கள் பறந்தன. பங்கை விற்கும் முயற்சி 2024இல் கைகூடவில்லை, அப்போதும் பறந்தன.

இத்தகைய நிறுவனம் ஒரே இரவில் மூடப்படும் வாய்ப்பு குறைவு. தொல்லை வேறு வழியில் வரும். மாற்று இன்ஜினுக்கும் குத்தகைக்கும் பணம் இல்லாதபோது விமானங்கள் தரையில் நிற்கும். ஒரு விமானம் பழுதானால் பதிலுக்கு அனுப்ப இன்னொன்று இருக்காது. தாமதம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். இங்கே பயணி பயப்பட வேண்டியது டிக்கெட் பணத்துக்கு அல்ல, இணைப்பு விமானத்துக்கு. மதுரையிலிருந்து லண்டன் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்து, கொழும்பில் நல்ல இடைவெளி உள்ள இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான சிக்கல் தீரும்.

டிக்கெட்டை வெளியிட்டவர் யார், பறக்கவைப்பவர் யார்

ஒரு பன்னாட்டுப் பயணத்தில் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனமும் விமானத்தை இயக்கும் நிறுவனமும் வேறாக இருக்கலாம். பணம் போவதும் பொறுப்பு நிற்பதும் முதலில் வெளியிட்டவரிடம்.

கண்டுபிடிப்பது எளிது. இ-டிக்கெட் ரசீதில் 13 இலக்க எண் இருக்கும். ஆறு எழுத்து பிஎன்ஆர் அல்ல, அது வேறு. அந்த 13இல் முதல் மூன்று இலக்கங்கள் வெளியிட்ட நிறுவனத்தின் குறியீடு. 098 என்றால் ஏர் இந்தியா, 176 எமிரேட்ஸ், 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 603 ஸ்ரீலங்கன். ஜெட்டுக்கு 589. இதை வைத்து மூன்று நிலைகளைப் பிரிக்கலாம்.

1. நல்ல நிறுவனத்தின் டிக்கெட், தள்ளாடும் நிறுவனத்தின் விமானம். கோட்ஷேர் (ஒருவர் விமானத்தில் இன்னொருவர் தன் எண்ணில் டிக்கெட் விற்பது) அல்லது இன்டர்லைன் (ஒருவர் டிக்கெட்டை இன்னொருவர் ஏற்பது) ஒப்பந்தத்தில் இப்படி அமையும். விமானம் நின்றால் வெளியிட்டவர்தான் மாற்றுப் பயணமோ பணமோ தர வேண்டும். மூன்றில் இதுவே பாதுகாப்பானது.
2. தள்ளாடும் நிறுவனத்தின் டிக்கெட், நல்ல நிறுவனத்தின் விமானம். பலர் ஏமாறுவது இங்கேதான். "நான் போவது பெரிய ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்தில்தானே" என்று நினைப்பார்கள். ஆனால் அந்தப் பெரிய நிறுவனத்துக்கு இந்த இருக்கைக்கான பணம், பயணம் முடிந்த பிறகு, உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் கணக்குத் தீர்வகம் வழியாக வரும். டிக்கெட் விற்றவர் நின்றுவிட்டால் பணம் வராது என்று தெரிந்தவுடன் அது இந்த டிக்கெட்டுகளை ஏற்க மறுக்கலாம்.
3. இரண்டுமே தள்ளாடும் நிறுவனம்.

மலிவுக் கட்டண நிறுவனங்கள் பலவற்றில் 13 இலக்க எண்ணே இருக்காது, பிஎன்ஆர் மட்டும்தான். மற்ற நிறுவனங்களோடு டிக்கெட் பரிமாற்ற ஒப்பந்தமும் இருக்காது. நின்றால் வேறொருவர் ஏற்றிக்கொள்வதற்கான வழியே இல்லை என்று பொருள்.

ஸ்டார் அலையன்ஸ் போன்ற விமான நிறுவனக் கூட்டணிகளில் இருக்கிறது என்பதாலும் பாதுகாப்பு வந்துவிடாது. நின்றுபோன உறுப்பினரின் பயணிகளை இலவசமாக ஏற்றும் கடமை மற்ற உறுப்பினர்களுக்கு இல்லை.

எதில் பணம் கட்டுவது

கிரெடிட் கார்டு. இதில் மாற்றுக் கருத்துக்கு அதிக இடமில்லை.

காரணம் சார்ஜ்பேக். பணம் கட்டியும் சேவை கிடைக்கவில்லை என்றால், கார்டு வழங்கிய வங்கியிடம் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறும் முறை இது. திவால் நீதிமன்றத்துக்கு வெளியே, கார்டு வலையமைப்பின் சொந்த விதிகளின்படி நடப்பது. விமான நிறுவனத்திடம் காசு இல்லாவிட்டாலும், முன்பு பார்த்த வசூல் வங்கி தர வேண்டியிருக்கும். விசாவின் விதிப்படி, சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள் வரை புகார் செய்யலாம். ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. உங்கள் வங்கி இதைவிடக் குறுகிய கெடு வைத்திருக்கலாம் என்பதால் ஆறப்போடக் கூடாது.

டெபிட் கார்டிலும் சார்ஜ்பேக் உண்டு; ஆனால் போனது உங்கள் கணக்கிலிருந்த பணம், முடிவு வரும்வரை அது இல்லாமல்தான் சமாளிக்க வேண்டும். யுபிஐ, நெட் பேங்கிங் இரண்டிலும் கிரெடிட் கார்டு அளவுக்கு வலுவான பிடிமானம் இல்லை. கார்டு இஎம்ஐயில் எடுத்தால், சார்ஜ்பேக் தீரும்வரை தவணை ஓடிக்கொண்டே இருக்கும்; அசல் திரும்பினாலும் வட்டியும் செயலாக்கக் கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது.

டிராவல் ஏஜென்ட் அல்லது இணையதளம் மூலம் எடுத்தால், கார்டு அறிக்கையில் யார் பெயர் விழுகிறது என்று பாருங்கள். விமான நிறுவனத்தின் பெயர் என்றால் புகார் நேரடி. ஏஜென்டின் பெயர் என்றால், "டிக்கெட் எடுத்துத் தருவதுதான் எங்கள் சேவை, அதை முடித்துவிட்டோம்" என்று அவர் வாதாடலாம். ஏஜென்டிடம் ரொக்கம் கொடுத்திருந்தால் அவரும் மற்றவர்களோடு வரிசையில்தான் நிற்பார்: வசூலித்ததை ஐயாட்டாவின் கணக்குத் தீர்வு முறை வழியாக ஏற்கெனவே அனுப்பியிருப்பார், அதிலிருந்து விமான நிறுவனம் நீக்கப்பட்டால் வழக்கமான ரீஃபண்ட் பொத்தான் வேலை செய்யாது.

ரத்தான பயணத்துக்குப் பதிலாகக் கூப்பனோ, அடுத்த பயணத்துக்குக் கழித்துக்கொள்ளும் வரவான கிரெடிட் ஷெல்லோ தருகிறேன் என்றால், தள்ளாடும் நிறுவனத்திடம் வாங்கவே கூடாது. அது கடனைப் புதுப்பித்துக் கொடுப்பது மட்டுமல்ல. "சேவை கிடைக்கவில்லை" என்ற சார்ஜ்பேக் வாதத்தையும் பலவீனமாக்கும். மைல் புள்ளிகளைச் சேர்த்து வைக்காமல் செலவழித்துவிடுவது நல்லது. ஜெட்பிரிவிலெஜ் புள்ளிகள் ஜெட்டுக்குப் பிறகும் பிழைத்து இன்டர்மைல்ஸ் ஆனதற்குக் காரணம், அது எதிஹாட்டின் பெரும்பான்மைப் பங்கோடு தனி நிறுவனமாக இருந்ததுதான். எல்லா நிறுவனத்திலும் அப்படி இருக்காது.

எடுத்தே ஆக வேண்டும் என்றால்

விலை வித்தியாசம் பெரிது, அல்லது அந்த ஊருக்கு நேரடி விமானம் அது ஒன்றுதான். அப்போது ஆபத்தைச் சுருக்கும் வழிகள் இவை.

1. போகும் வழிக்கு மட்டும் தள்ளாடும் நிறுவனம், திரும்பும் வழிக்கு நல்ல நிறுவனம். புறப்படும் முன் நின்றால் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். திரும்பும் முன் நின்றால் வெளிநாட்டில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருப்பது முக்கியம். ஒரே டிக்கெட்டில் முதல் பயணப் பகுதியைப் பயன்படுத்தாவிட்டால் மற்ற பகுதிகள் தானாக ரத்தாகிவிடும். பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் ஒருவழிக் கட்டணமே இருவழிக் கட்டணத்தை நெருங்கும் என்பதால் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யவும்.
2. பயணத் தேதிக்கு அருகில் எடுக்கவும். ஆறு மாதம் முன்பு எடுத்தால் ஆறு மாத ஆபத்து, மூன்று வாரம் முன்பு எடுத்தால் மூன்று வார ஆபத்து. மற்ற நிறுவனங்களில் விலை ஏறும்முன் முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள இழுபறி.
3. ஒரே பயணத்தைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டாம். போவது, வருவது என்று பிரிப்பது வேறு; நடுவழியில் பிரிப்பது வேறு. தனி டிக்கெட்டுகளில் முதல் விமானம் தாமதமானால் அடுத்த நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய, அந்த நாட்டுக்குள் நுழையும் விசாவும் தேவைப்படலாம்.
4. மாற்று இருக்கும் வழித்தடமா என்று பாருங்கள். சென்னை–துபாய், சென்னை–சிங்கப்பூர் போன்ற தடங்களில் ஒருவர் நின்றால் மற்றவர்கள் இருக்கிறார்கள். வாரம் இரண்டு சேவை மட்டும் உள்ள ஊரில் மாட்டினால் வெளியே வரவே நாளாகும்.
5. மாற்று டிக்கெட்டின் விலையையும் கணக்கில் சேருங்கள். உதாரணத்துக்கு, 15,000 ரூபாய் மிச்சம் என்று 50,000 ரூபாய் டிக்கெட் எடுக்கிறீர்கள். நின்றுவிட்டால் கடைசி நேர ஒருவழி டிக்கெட்டே 60,000 ஆகலாம், ஒரு நிறுவனம் விழுந்த அன்று மற்றவர்களின் விலை ஏறுவது வழக்கம். சார்ஜ்பேக்கில் 50,000 திரும்பினாலும் அதற்கு மாதங்கள் ஆகும், கூடுதல் செலவை யாரும் தர மாட்டார்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு இதை நான்கால் பெருக்கவும். அந்தத் தொகைக்குக் கார்டு வரம்பு காலியாக இல்லை என்றால் இந்த டிக்கெட் உங்களுக்கு மலிவு அல்ல.
6. திருமணம், தேர்வு, கல்லூரிச் சேர்க்கை, விசா முடியும் நாள் போன்ற தள்ளிப்போட முடியாத தேதிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

பயணக் காப்பீட்டை நம்பி எடுப்பவர்கள் பாலிசியில் நிறுவனத் திவால் என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். பல பாலிசிகள் நோய், விபத்து, இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களையே ஏற்கும். திவாலை ஏற்பவையும், பாலிசி எடுக்கும்போதே ஊரறிந்த பிரச்சினை என்றால் விலக்கிவிடும்.

எந்தச் செய்தி கனமானது

நட்டக் கணக்கு வெளியானது என்பது அத்தனை பெரிய அறிகுறி அல்ல, நட்டத்திலேயே பல ஆண்டுகள் பறந்த நிறுவனங்கள் உண்டு. பங்கு விலையும் அப்படித்தான். கவனிக்க வேண்டியது அன்றாட ரொக்கம் தீர்வதைக் காட்டும் செய்திகள்: சம்பளம் தவறுவது, எண்ணெய் நிறுவனமும் விமான நிலையமும் கடனை நிறுத்தி ரொக்கம் கேட்பது, விமானங்களைப் பதிவுநீக்கம் செய்யும்படி குத்தகைக்காரர்கள் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையமான டிஜிசிஏவிடம் விண்ணப்பிப்பது, வெளிநாட்டில் விமானம் பிடிபடுவது. இவற்றில் இரண்டு ஒரே மாதத்தில் வந்தால் புதிய டிக்கெட் எடுக்காமல் இருப்பதே மேல். கடைசியாகச் சொன்னது ஒன்று மட்டுமே வந்தாலும் போதும்.

ஒழுங்குமுறை ஆணையம் தலையிடுவது இருபக்கமும் வெட்டும். 2014இல் ஸ்பைஸ்ஜெட்டை ஒரு மாதத்துக்கு மேற்பட்ட முன்பதிவு எடுக்கக் கூடாது என்று டிஜிசிஏ தடுத்தது. பயணிகளின் பணம் மேலும் மாட்டாமல் இருக்க அது உதவியது. நிறுவனத்தின் ரொக்கத்தையும் அதுவே வற்றச் செய்தது.

டிக்கெட் கையில் இருக்கும்போது நின்றுவிட்டால்

முதல் விதி: நீங்களாக ரத்து செய்யாதீர்கள். நின்றுவிடும் என்ற பயத்தில் நீங்களே ரத்து செய்தால், ரத்துக் கட்டணம் கழிந்து, மீதியும் ரீஃபண்ட் வரிசையில் மாட்டும். சேவை மறுக்கப்பட்டது என்று வாதிடும் உரிமையும் போய்விடும். நிறுவனம் ரத்து செய்யும்வரை காத்திருங்கள்.

அறிவிப்பு வந்தவுடன் இணையதளமும் செயலியும் எந்த நேரமும் முடங்கலாம். அதற்கு முன் இ-டிக்கெட் ரசீது, ரத்து அறிவிப்பு, முன்பதிவுப் பக்கம் எல்லாவற்றையும் படமாகச் சேமியுங்கள். இவற்றோடு கார்டு அறிக்கையை இணைத்து, "சேவை வழங்கப்படவில்லை" என்ற காரணத்தில் வங்கிக்கு எழுத்தில் புகார். நிறுவனத்திடம் ரீஃபண்ட் கேட்டுப் பதில் வராததற்கான மின்னஞ்சல் ஒன்றும் இருந்தால் நல்லது.

வெளிநாட்டில் இருந்தால் முதலில் விசா முடியும் தேதி, பிறகு மாற்று டிக்கெட். விழுந்த நிறுவனத்தின் பயணிகளுக்காக மற்றவர்கள் சில நாட்களுக்கு "மீட்புக் கட்டணம்" என்ற பெயரில் குறைந்த விலை அறிவிப்பதுண்டு; பழைய டிக்கெட்டைக் காட்டினால்தான் கிடைக்கும், இணையத்தில் அல்லாமல் தொலைபேசியில் மட்டும் விற்கப்படுவதும் உண்டு. தங்கும் செலவு ரசீதுகளை வைத்திருங்கள்.

புலம்பெயர்ந்த தமிழர்கள் வாங்கும் நாட்டைப் பொறுத்துக் கூடுதல் பாதுகாப்பு இருக்கலாம். பிரிட்டனில் விமானமும் ஹோட்டலும் சேர்ந்த தொகுப்பாக எடுத்தால் ஏட்டோல் (ATOL) என்ற பயணிகள் பணப் பாதுகாப்புத் திட்டம் காக்கும். 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை கிரெடிட் கார்டில் விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியதற்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் கார்டு நிறுவனத்திடமே பணம் கேட்கலாம். 2017இல் மோனார்க், 2019இல் தாமஸ் குக் விழுந்தபோது அரசே விமானம் அனுப்பி வெளிநாட்டில் இருந்தவர்களைக் கூட்டி வந்தது. 2020இல் ஃபிளைபி விழுந்தபோது அப்படி அனுப்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொகுப்புப் பயணத்துக்குத் திவால் பாதுகாப்பு உண்டு, தனி விமான டிக்கெட்டுக்கு இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் பதிவு பெற்ற ஏஜென்சி மூலம் வாங்கினால், விமான நிறுவனம் விழுந்தாலும் டிக்கோ (TICO) என்ற மாகாணப் பயண ஒழுங்குமுறை அமைப்பின் இழப்பீட்டு நிதியில் நபருக்கு 5,000 டாலர் வரை கோரலாம்; நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக வாங்கியிருந்தால் கிடையாது.

இந்தியாவில் அப்படி ஒரு நிதி இல்லை. சார்ஜ்பேக் தோற்றுப்போனவர்களுக்கும் ரொக்கமாகக் கட்டியவர்களுக்கும் மிச்சமிருக்கும் வழி, தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வு நிபுணரிடம் கோரிக்கை பதிவு செய்வது. நாளிதழ்களிலும் இணையத்திலும் பொது அறிவிப்பு வரும். எந்தப் படிவம், எந்தத் தேதிக்குள், எந்த முகவரிக்கு என்பது அதிலேயே இருக்கும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் மீட்டுத் தருகிறோம் என்று தொகை கேட்டு வரும் அழைப்புகள் எல்லாம் மோசடி. சார்ஜ்பேக்கில் பணம் வந்துவிட்டால் அதே தொகைக்கு இங்கே கோரக் கூடாது. ஏற்கெனவே கோரியிருந்தால் வந்த தொகையைத் தெரிவித்துக் கோரிக்கையைத் திருத்த வேண்டும்.